பாலம் முடியட்டும்

சியு-யூனுக்கு வாய் இல்லை. ஊமை என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்தாறு வயதுவரை அவள் பேசிய பேச்சையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும், அவள் புருஷன் ஒரு காலை வியாபாரத்தில் பேசியதற்கு ஈடாகாது, அவ்வளவுதான். இருவரும் பல வருஷம் காலை உணவுக் கடை நடத்தினார்கள். அவன் வாசலில் நின்று "முட்டை அடை ரெண்டு! சோயாப்பால் சூடா ஒண்ணு!" என்று தெருக்கோடி வரை கேட்கக் கூவுவான். அவள் அடுப்புக் கல்லுக்கு முன்னால் நின்று திருப்பிப் போடுவாள். கட்டடச் சொந்தக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டதும் கடை போயிற்று, அதன் பின்னாலேயே புருஷனுடைய இடுப்பும் போயிற்று. இப்போது அவன் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வீட்டில் படுத்து, தொலைக்காட்சிச் செய்தி வாசிக்கிறவனோடு சண்டை போடுகிறான். குடும்பத்தில் யாராவது ஒருவர் சம்பாதித்தாக வேண்டுமே. பக்கத்துத் தெரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனியின் கதவில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். போய் நின்றாள்.

ஆம்புலன்ஸ் உதவியாளருக்கான முதல் நிலைப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டாள். அதை வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறலாம், தூக்கலாம், பிடிக்கலாம், பெரிதாக வேறொன்றும் இல்லை. இரண்டாம் நிலை தேறினால்தான் கம்பெனிக்கு அவளால் லாபம். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். செய்முறைத் தேர்வில்தான் இரண்டு தடவை மண்ணைக் கவ்வினாள். முதலாளி அவளைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் தேநீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மூணாவது தடவையும் கோட்டை விட்டீங்கன்னா, அக்கா, நீங்க வேற இடம் பாத்துக்கிறதுதான் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

தோற்றதற்குக் காரணம் கை அல்ல. கையில் ஒரு குறையும் கிடையாது. தேர்வுக் கூடத்தில் ஒரு ரப்பர் பொம்மை கிடக்கும். அதன் பக்கத்தில் மண்டியிட்டு, செய்வதையும் பார்ப்பதையும் ஒன்று விடாமல் உரக்கச் சொல்ல வேண்டும். "இடம் பாதுகாப்பா இருக்கு. கையுறை போட்டேன். கூப்பிட்டேன், பதில் இல்லை. மூச்சு இல்லை. நாடி இல்லை." தேர்வாளர் அட்டையும் பேனாவுமாக நிற்பார். "காதுல விழலைன்னா செய்யலைன்னு அர்த்தம்" என்பது அவர் வேதம். சியு-யூன் எல்லாவற்றையும் பிசகில்லாமல் செய்தாள், வாயை மூடிக்கொண்டு. பக்கத்துப் பொம்மையைக் கொன்றே போட்டிருக்கக்கூடிய ஒரு பையன் தொண்டை கிழியக் கத்தி முதல் வகுப்பில் தேறினான். உலகம் எப்போதும் இப்படித்தான் மார்க் போடுகிறது, யாரிடம் போய்ச் சொல்ல!

ஆகவே மூன்றாம் தடவைக்கு அவள் வாயைப் பழக்கினாள். வீட்டில் சோற்றுக் குக்கரின் முன்னால் நின்று, "மூடி சூடா இருக்கு. ஆவி வருது. சோறு வெந்துடுச்சு" என்று அறிவித்தாள்.

"யாருகிட்ட சொல்ற, எலிகிட்டயா?" என்று புருஷன் படுக்கையிலிருந்து கத்துவான். "அடிவயித்துலேர்ந்து வரணும்டீ! சோயாப்பால் விக்கிறதா நெனச்சுக்க!"

கம்பெனியில் அவளுக்கு மேலே இருந்தவன் டிங்-வெய். இருபத்தேழு வயது. வண்டி ஓட்டுவான், இரண்டாம் நிலை எப்போதோ முடித்தவன். பயிற்சி ஓட்டங்களுக்கு அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும். தன்னைவிடப் பெரியவளுக்குத் தான் வாத்தியாராக இருப்பதில் அவனுக்குக் கொஞ்சம் வெட்கம், அந்த வெட்கத்தைக் கிண்டலால் மூடிக்கொள்வான். ஒவ்வொரு சவாரியும் முடிந்து வெறும் வண்டியாகத் திரும்பும்போது, "ம், ஆரம்பிங்க அக்கா. பொம்மை செத்துக் கிடக்குது" என்பான். அவள் முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டும். சத்தம் பத்தவில்லை என்றால் ரேடியோவைக் கூட்டிவைப்பான், அதற்கு மேல் கத்த வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் பழக்கம் உடம்பில் ஏறிவிட்டது. கை எதைத் தொட்டாலும் வாய் அதைச் சொல்லிற்று. சந்தையில் கோஸ் வாங்கப் போனவள், "பையைத் திறந்தேன். சில்லறை இல்லை" என்று உரக்கச் சொல்லி, கடைக்காரியைத் திடுக்கிட வைத்தாள்.

தேர்வு சனிக்கிழமை. வியாழக்கிழமை காலையில் அந்தச் சவாரி வந்தது. முந்தின நாள் பூராவும் வேலை, இடையில் பெஞ்சில் முதுகைச் சாய்த்ததுதான் தூக்கம். கண்ணில் மணல் போட்டாற்போல் இருந்தது. முழங்கால் தனிக் கணக்கில் வலித்தது.

"வீட்டுக்குப் போற சவாரி" என்றான் டிங்-வெய், வண்டியைத் துடைத்துக்கொண்டே. "கடற்கரைப் பக்கம். நீங்க இதுவரைக்கும் போனதில்லையே?"

"இல்ல."

"துடிப்பு காட்டற மானிட்டரைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சிருக்கேன். சத்தத்தையும் அணைச்சாச்சு. டியூபைப் பாத்துக்கங்க, மூச்சு கொடுக்கற பையை அமுக்கிட்டே இருங்க. என்ன ஆனாலும் பை நிக்கக்கூடாது. என்ன ஆனாலும் வாய் திறக்கக்கூடாது." பிறகு சிரித்தான். "ரெண்டாவது உங்களுக்குக் கஷ்டமே இல்ல. வாய் திறக்காம இருக்கறதுல நீங்க டாக்டர் பட்டம் வாங்கினவங்க."

கடற்கரைக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. மனிதன் தன் வீட்டுக் கூடத்தில், முன்னோர் பெயர்ப்பலகைக்கு முன்னால் கடைசி மூச்சை விட வேண்டும். வெளியில் உயிர் போய்விட்டால் ஆறிய உடம்பு ஊருக்குள் நுழையக்கூடாது. ஊர் எல்லையில் தகரக் கொட்டகை போட்டு, அங்கேயே வைத்து, அங்கிருந்தே எடுத்துப் போவார்கள். சொந்த வீட்டு ஓடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், அந்நியனைப் போல. அதனால் டாக்டர் கையை விரித்ததும் குடும்பம் ஆம்புலன்ஸுக்குச் சொல்லும். வாயில் டியூபோடு, ஒரு மூச்சை மிச்சம் வைத்து, அந்த மூச்சை ஒருவர் கையால் அமுக்கிக்கொண்டே வீடு சேர்க்க வேண்டும்.

அன்று வண்டியில் ஏற்றிய பெரியவர் சிப்பி வளர்த்தவர். போர்வைக்கு வெளியே கிடந்த கைகளில் சிப்பி ஓடு கீறிய வெள்ளைக் கோடுகள் நிறைய. நெஞ்சை அமுக்குவதோ மின்சாரம் வைப்பதோ வேண்டாம் என்று குடும்பம் கையெழுத்துப் போட்டாயிற்று. மூத்த மகன் குவோ-ஜென் மட்டும் பின்னால் ஏறிக்கொண்டான். ஐம்பதைத் தாண்டியவன், வடக்கே ஒரு தொழிற்சாலையில் மேஸ்திரி. வேலை உடுப்பிலேயே வந்திருந்தான். அவன் மனைவி காலையிலேயே பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருந்தாள், கூடத்தைத் தயார் பண்ண.

வண்டி கிளம்பியது. சியு-யூன் தலைமாட்டில் உட்கார்ந்து பையைப் பிடித்தாள். அமுக்கு, விடு, காத்திரு. பயந்தால் கை ஓடும், ஓடவிடக்கூடாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். பெரியவர் மார்பு ஏறியது, இறங்கியது.

"உங்க கை வலிக்குமே" என்றான் குவோ-ஜென்.

"பழக்கந்தான். அடை திருப்பின கை."

அதற்குப் பிறகு அவன் தானாகவே பேசினான். வண்டியில் வருகிறவர்கள் பேசுவார்கள், பேசாமல் இருந்தால் யோசனை வரும். "வாசல்ல என் சித்தப்பா நிப்பாரு. அவரைத் தாண்டித்தான் உள்ள போகணும். ரொம்பக் கண்டிப்பு. அவரு பொண்டாட்டி, எங்க சித்தி, ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்ற வழியிலயே போயிட்டாங்க. ஊருக்கு வெளியில மீன்குட்டை ஓரமா கொட்டகை போட்டு அங்கயே வெச்சுட்டாரு. ஊர்க்காரங்க, பரவால்ல, கண்டும் காணாமப் போயிடலாம்னாங்க. அவரு ஒத்துக்கல. வழக்கம்னா எனக்கும் வழக்கந்தான்னுட்டாரு. மழை வேற. தகரத்து மேல சடசடன்னு..." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்பா அதைப் பாத்தவரு. என்னைய அப்படி விட்டுராதடான்னு அன்னிக்கே எங்கிட்டச் சொன்னாரு."

சியு-யூன் தலையை ஆட்டினாள். அமுக்கினாள், விட்டாள்.

வயல்கள் வந்தன, கொடிமுந்திரித் தோட்டங்கள் வந்தன, காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. அவளுக்குத் தூக்கம் கண்ணை இழுத்தது. பொம்மை, தேர்வாளர், அட்டை, பேனா என்று என்னென்னவோ ஓடின. எப்போது என்று அவளுக்கே தெரியாது, பெரியவர் முகத்தின் நிறம் மாறியிருந்தது. உதட்டோரம் மெழுகு மாதிரி ஆகிவிட்டது. அவள் நினைத்துச் செய்யவில்லை. இடது கை பையிலேயே இருந்தது, வலது கையின் இரண்டு விரல் தானாகப் போய்க் கழுத்தில் உட்கார்ந்தது. காத்திருந்தது. பிறகு வாய் திறந்தது.

"நாடி இல்லை!"

அடிவயிற்றிலிருந்து, தெளிவாக, தேர்வுக் கூடத்தின் கடைசி மூலை வரை கேட்கிற மாதிரி. புருஷன் கேட்டிருந்தால் கையைத் தட்டியிருப்பான். இரண்டு தேர்விலும் வராத குரல், வரக்கூடாத ஒரே இடத்தில் வந்து தொலைந்தது.

பின்பார்வைக் கண்ணாடியில் டிங்-வெய்யின் கண்கள் ஒரு தடவை ஏறி இறங்கின. சியு-யூனுக்கு உடம்பு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இருந்தது. நாக்கை வெட்டி ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் போலிருந்தது. கை மட்டும் நிற்கவில்லை. அமுக்கியது, விட்டது.

"என்ன சொன்னீங்க?" என்றான் குவோ-ஜென்.

அவள் பையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நாடி இல்லைன்னீங்க."

"அண்ணே" என்று முன்னாலிருந்து டிங்-வெய் கூப்பிட்டான். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவன் படுகிற பாடு அதிலேயே தெரிந்தது. "அக்காவுக்கு நாளன்னிக்குப் பரீட்சை. எல்லாத்தையும் சத்தமாச் சொல்லிச் சொல்லிப் பழகுறாங்க. வாய் தவறி வந்துடுது. நேத்து கேன்டீன்ல கூட, முட்டை இல்லைன்னு கத்தினாங்க."

குவோ-ஜென் முட்டாள் அல்ல. மேஸ்திரி வேலை பார்க்கிறவனுக்கு, மெஷின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று அடுத்த அறையிலிருந்தே தெரியும். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். மார்பைப் பார்த்தான். அது ஏறியது, இறங்கியது. டிங்-வெய் நீட்டிய கயிறு அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"மூச்சு இருக்குல்ல?" என்றான்.

சியு-யூன் தன் கையைப் பார்த்தாள். நான் அமுக்குகிறவரை இருக்கிறது, அமுக்காவிட்டால் இல்லை. இதற்கு எந்தப் பாடத்தில் பதில் இருக்கிறது?

"இருக்கு" என்றாள். பழைய குரல், அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அப்ப சரி" என்றான் அவன். தலையைக் குனிந்து இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். தோள்கள் மட்டும் குலுங்கின. அதை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

கொஞ்ச தூரத்தில் ஜுவோஷுய் ஆற்றுப் பாலத்தின் பலகை தெரிந்தது. குவோ-ஜென் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் சியு-யூனுக்கும் விஷயம் புரிந்தது.

செத்தவனை ஆறு தாண்டிக் கொண்டுபோகும்போது கூட இருக்கிறவன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "அப்பா, பாலம் வருது, கூடவே வாங்க" என்று. கூப்பிடாவிட்டால் ஆவி தண்ணீரைக் கண்டு திகைத்துக் கரையிலேயே நின்றுவிடும். உடம்பு மட்டும் வீட்டுக்குப் போகும். ஆனால் உயிரோடு இருக்கிறவனை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால், செத்துவிட்டான் என்று மகனே ஒத்துக்கொண்ட மாதிரி. ஒத்துக்கொண்டால் ஊருக்குள் இடம் இல்லை. கூப்பிடாவிட்டால் அப்பா இந்த ஆற்றங்கரையில் நின்றுகொண்டே இருப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இவனுக்கு இந்தச் சங்கடமே வந்திருக்காதே என்று சியு-யூனுக்கு மனசு அடித்துக்கொண்டது. தெரியாமல் பாலத்தைத் தாண்டியிருப்பான். தெரியாத பாவம் பாவமாகாது.

டிங்-வெய் வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான்.

வண்டிச் சக்கரம் பாலத்தில் ஏறுகிற சத்தம் கேட்டது. குவோ-ஜென் அப்பாவின் காதருகே குனிந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அப்பா, எங்க வந்திருக்கோம்னு பாருங்க. பெரிய பாலம்பா. சின்ன வயசுல என்னைய லாரியில முன்னால ஒக்கார வெச்சு சிப்பி விக்கக் கூட்டிட்டுப் போவீங்களே, இதுதான். நான் கம்பியை எண்ணிட்டே வருவேன், பாதியில தூங்கிடுவேன். ஞாபகம் இருக்கா? இப்ப நடுவுல வந்துட்டோம். தண்ணியே இல்லப்பா, வெறும் மணலு. தர்பூசணி போட்டிருக்காங்க. பயப்பட ஒண்ணுமில்ல. நான் கூடத்தான் இருக்கேன். நீங்களும் கூடவே இருங்க. இந்தா, முடிஞ்சுருச்சு. தாண்டிட்டோம்பா."

வழியில் அப்பாவோடு பிள்ளை அடிக்கிற அரட்டைதான். யார் கேட்டாலும் அதில் குற்றம் சொல்ல முடியாது. சியு-யூனுக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது, துடைக்கக் கை இல்லை. அது பாட்டுக்கு முகக்கவசத்துக்குள் இறங்கியது.

ஆறு ஒன்றுதான், ஆனால் அதோடு முடியவில்லை. கடற்கரைப் பக்கம் போகப் போக வாய்க்கால், வடிகால், மீன்குட்டை மதகு என்று நிலம் பூராவும் தண்ணீர்தான். எது பாலம், எது பாலமில்லை என்று யார் தீர்ப்புச் சொல்வது? டிங்-வெய் எதையும் விடவில்லை. "அண்ணே, முன்னால ஒண்ணு வருது. சின்னதுதான்" என்பான். குவோ-ஜென் உடனே குனிவான். "அப்பா, மாமா வீட்டு வாய்க்கால்பா. நீங்க சைக்கிளோட விழுந்தீங்களே, அம்மா ஒரு வாரம் சிரிச்சாங்களே." பிறகு இன்னொன்று. "அப்பா, இது புதுசு, உங்களுக்குத் தெரியாது. போன வருஷந்தான் கட்டினாங்க. ஊழல் பண்ணிட்டாங்கன்னு சித்தப்பா திட்டிட்டு இருக்காரு. மெதுவாப் பாத்து வாங்க." அவன் குரல் கரகரத்துவிட்டது. கதை தீர்ந்துபோனபோது சிப்பி விலையைச் சொன்னான்.

சியு-யூனின் கை மரத்துவிட்டது. இடது கைக்கு மாற்றினாள், அது மரத்ததும் வலது கைக்கு மாற்றினாள். கட்டைவிரலின் அடியில் ஒரு நரம்பு தனியாகத் துடித்தது. வேகமாக அமுக்கிவிடக் கூடாது. செத்துவிட்டவர்தானே, அவசரமாக அமுக்கினால் என்ன, மெதுவாக அமுக்கினால் என்ன என்று களைப்பு அவள் காதில் ஓதியது. அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு மூச்சையும் அளவாக, பொறுமையாக, உயிரோடு இருக்கிறவருக்குக் கொடுப்பது போலவே கொடுத்தாள். அவள் பிடிவாதக்காரி, வாய்தான் இல்லை.

ஊர் வந்தது. சந்து முனையில் தகரத் தகடுகள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று யாரோ தயாராகக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். குவோ-ஜென் அதைப் பார்த்தான், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். முற்றத்தின் வாசலில் நாலைந்து ஆண்கள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒல்லியான கிழவர். சித்தப்பா.

டிங்-வெய் இறங்கிவந்து பின்கதவைத் திறந்தான். கடல்காற்று உள்ளே பாய்ந்து போர்வையைத் தூக்கியது. இருவரும் படுக்கையை இறக்கினார்கள். சியு-யூன் பையை விடாமல், பக்கத்திலேயே நடந்து இறங்கினாள்.

சித்தப்பா வழியில் நின்றார். நகரவில்லை.

"மூச்சு இருக்கா?"

குவோ-ஜெனைப் பார்த்துத்தான் கேட்டார். குவோ-ஜென் வாயைத் திறந்தான். வழி நெடுக அவ்வளவு பேசியவனுக்கு இப்போது ஒன்றும் வரவில்லை. சித்தப்பாவிடம் அவன் பொய் சொல்லிப் பழகாதவன். வேலை உடுப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வாசலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் கண் தகரத்தின் பக்கம் போய் வந்தது.

"உன்னைத்தாண்டா கேக்கறேன். மூச்சு இருக்கா, இல்லையா?"

"மூச்சு இருக்கு!"

முற்றம் முழுக்கக் கேட்டது. கூடத்துக்குள் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எங்கோ ஒரு நாய் குரைத்தது. சியு-யூன் கிழவரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் சொன்னாள், இன்னும் உரக்க: "நெஞ்சு ஏறுது, எறங்குது. பாருங்க. மூச்சு இருக்கு!"

பையை அமுக்கினாள். நெஞ்சு ஏறியது.

சித்தப்பா கிட்டே வந்தார். அண்ணனுடைய கையைப் போர்வையிலிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். சிப்பி கீறிய கை இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மனிதன் குளிர்ந்துவிட்டானா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவ்வளவு நேரம் தேவையில்லை. தன் மனைவியின் கையையும் இப்படிப் பிடித்துப் பார்த்தவர்தானே. சியு-யூன் கண்ணை எடுக்கவில்லை. கிழவர் பையை அமுக்குகிற அவள் விரல்களைப் பார்த்தார். பிறகு கையைப் பத்திரமாகப் போர்வைக்குள் வைத்து மூடினார்.

"சொல்றாங்கல்ல, காதுல விழல?" என்று பின்னால் நின்றவர்களைப் பார்த்துச் சீறினார். "மரம் மாதிரி நிக்கறீங்களே! நகருங்கடா. எங்கண்ணன் வீட்டுக்குள்ள வர்றாரு."

கூடத்தில் பலகைக் கட்டில் போட்டிருந்தார்கள். சாவைச் சாமி பார்க்கக்கூடாதென்று சாமி மாடத்தைச் சல்லடையால் மறைத்திருந்தார்கள். பெரியவரை இறக்கிப் படுக்க வைத்தார்கள். குவோ-ஜென் மண்டியிட்டு அவர் காதில், "அப்பா, வீட்டுக்கு வந்துட்டோம்" என்றான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. அதற்கப்புறம் சியு-யூனை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தான்.

அவள் கடைசியாக ஒரு தடவை அமுக்கினாள். மற்றவற்றைப் போலவே அளவாக. விட்டாள். கையை எடுத்தாள். டிங்-வெய் டியூபை மெல்ல உருவிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னான். அதுதான் பெரியவர் போன நேரம் என்று குடும்பம் குறித்துக்கொண்டது. அழுகை எழுந்தது. சித்தப்பா மட்டும் அழவில்லை. சந்து முனைக்குப் போய், சுவரில் சாய்ந்திருந்த தகரத்தைத் தனி ஆளாகத் தூக்கிக்கொண்டு நடந்தார். காற்றில் அது அவரைப் பின்னுக்குத் தள்ளியது. யாரோ ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தார்கள். "வேணாம், நானே கொண்டுபோறேன்" என்று அவர் சொன்னது கேட்டது.

மருமகள் ஓடிவந்து, சாவுத் தீட்டு ஒட்டாமலிருக்க ஆம்புலன்ஸ் கதவுப்பிடியில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டு, இருவர் கையிலும் இரண்டு மிட்டாயைத் திணித்தாள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. சியு-யூன் தலையை மட்டும் குனிந்துவிட்டு வண்டியில் ஏறினாள், இம்முறை முன்னிருக்கையில்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியது. அவள் மிட்டாயின் காகிதத்தைப் பிரிக்கப் பார்த்தாள், விரல் ஒத்துழைக்கவில்லை. டிங்-வெய் வாங்கிப் பல்லால் கிழித்துக் கொடுத்தான்.

"நான் கெடுத்துட்டேன், தம்பி."

"கெடுத்தீங்க" என்றான் அவன். ஒரு வளைவில் வண்டியைத் திருப்பிவிட்டு, "அப்புறம் சரி பண்ணீங்க. எனக்கு அந்தக் கெழவர் முன்னால வாயே வந்திருக்காது."

"பொய்தானே சொன்னேன்."

"நெஞ்சு ஏறுச்சுல்ல?"

"ஏறுச்சு."

"எறங்குச்சுல்ல?"

அவள் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். மிட்டாய் ரொம்ப இனிப்பாக இருந்தது. அழுகையும் தூக்கமும் ஒன்றாக வந்தன, எதற்கு இடம் கொடுப்பதென்று தெரியவில்லை. கண்ணை மூடினால் மார்பு ஏறி இறங்கியது.

"சனிக்கிழமை நான் தோத்துருவேன்" என்றாள். "இனிமே அந்த வார்த்தை வாயில வராது."

டிங்-வெய் ரேடியோவைத் தொடவில்லை. மதகு, வாய்க்கால், புதுப் பாலம் எல்லாம் பின்னால் போயின. இவற்றை யாருக்கும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. பெரிய ஆற்றின் பலகை வந்தபோதுதான் அவன் சொன்னான்: "ஆரம்பிங்க அக்கா. பொம்மை செத்துக் கிடக்குது."

எப்போதும் சொல்கிற கிண்டல்தான். ஆனால் கெஞ்சுகிற மாதிரி சொன்னான்.

சியு-யூன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இடம் பாதுகாப்பா இருக்கு" என்றாள். "கையுறை போட்டேன். கூப்பிட்டேன், பதில் இல்லை." வண்டி பாலத்தில் ஏறிற்று. "மூச்சு இல்லை." இரண்டு விரல் தொடைமேல் தானாக நீண்டது. அங்கேயே நின்றுவிட்டாள்.

"அடுத்தது?"

"பாலம் முடியட்டும்."

ஜன்னலுக்கு வெளியே மணலும் தர்பூசணிக் கொடியும், கம்பிக்குப் பின் கம்பியும் போய்க்கொண்டிருந்தன. நீளமான பாலம். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். சக்கரத்தின் சத்தம் மாறி, வண்டி தரையில் இறங்கியது.

"நாடி இல்லை" என்றாள், அடிவயிற்றிலிருந்து. "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அக்கா" என்றான் டிங்-வெய்.